நூறு ரூபாய் வெட்டுத் தீர்மானம்

எங்கள் தென்கரை மாநிலச் சட்டப்பேரவையில் வெளியாட்களுக்குப் புரியாத வழக்கம் ஒன்று உண்டு. தொகுதிக்கு ஆஸ்பத்திரி வேண்டும் என்று நினைக்கும் உறுப்பினர், மருத்துவத் துறை மானியத்தில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். பள்ளிக்கூடம் வேண்டுமானால் கல்வி மானியத்தில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்வார். அரசு கேட்கும் பணத்தைக் கூட்டிக் கொடுக்கும் அதிகாரம் பேரவைக்குக் கிடையாது, குறைக்க மட்டும்தான் முடியும் என்பது நூற்றாண்டு கடந்த விதி. ஆகவே ஒரு குறையைப் பேச வேண்டுமானால், ஒப்புக்கு ஒரு வெட்டுத் தீர்மானம் கொடுத்து அந்த வாசல் வழியாக உள்ளே புக வேண்டும். பேசி முடித்ததும் குரல் வாக்கெடுப்பு நடக்கும், தீர்மானம் தோற்கும், நூறு ரூபாய் பத்திரமாக இருக்கும். உறுப்பினரும் அமைச்சரும் கேன்டீனில் ஒரே மேசையில் உட்கார்ந்து போண்டா சாப்பிடுவார்கள்.

நான் பூவலிங்கம். பேரவைச் செயலகத்தில் ஏடுகள் மற்றும் திருத்தங்கள் பிரிவின் அலுவலர். துறைகளும் வாரியங்களும் ஆண்டுதோறும் அனுப்பும் அறிக்கைகளுக்கு ‘அவை முன் வைக்கப்பட்டது’ என்று முத்திரை குத்துவதும், உறுப்பினர்களுக்கு வெட்டுத் தீர்மானம் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. இருபத்தாறு வருஷமாகச் செய்கிறேன். நான் எழுதிய தீர்மானம் ஒன்றுகூட விதிப் பிழை என்று திரும்பி வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது, இரண்டாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு மார்ச் மாதம் வரைக்கும்.

அதற்குப் பத்து வருஷம் முன்னால்தான் நிரவி வந்தது. அமைச்சர்கள் எல்லாவற்றையும் தங்கள் ஊருக்கே அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று மக்கள் கொதித்துப்போன ஒரு தேர்தலுக்குப் பிறகு, பட்ஜெட் வரைவு போடும் வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். மேடு பள்ளம் இல்லாமல் நிரவிக் கொடுக்கும் என்பதால் அந்தப் பெயர். அதன் காதில் யாரும் ரகசியம் ஓதிவிடக் கூடாதே என்று சட்டத்தில் கடுமையான கட்டு வைத்தார்கள். அவை முன் வைக்கப்பட்ட அறிக்கைகளையும், உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த திருத்தங்களையும் மட்டுமே நிரவி படிக்கும். அவையில் பேசும் பேச்சு, மேடைப் பேச்சு, பேட்டி எதுவும் அதற்குப் போகாது. தோற்றுப்போன திருத்தமும் ஓர் உறுப்பினரின் விருப்பம்தான், அதையும் அடுத்த வரைவில் மதிக்க வேண்டும் என்று நல்ல மனத்தோடு ஒரு வரி சேர்த்தார்கள். அன்றைக்கு எல்லோரும் மேசையைத் தட்டி வரவேற்றார்கள். பின்வரிசையில் நின்ற நானும் மனசுக்குள் கைதட்டினேன்.

அந்த மார்ச் மாதத் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜெபக்கனி என் அறைக்கு வந்தார். கழிமுகத் தீவுகள் தொகுதியின் புது உறுப்பினர், சுயேச்சை. நாற்பத்தெட்டு வயது இருக்கும். கடல் ஏறி உள்ளே வந்தபோது அந்தக் கரையில் இருந்த பதினான்கு ஊர்கள் தனித்தனி மேடுகளாக நின்றுவிட்டன. அந்த ஊர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் மருத்துவப் படகுதான். ஜெபக்கனி அந்தப் படகில் பத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். பழைய உறுப்பினர் சூசை அருளப்பன் இறந்துபோய் இடைத்தேர்தல் வந்தபோது, படகுக்காரர்களும் வலைக்காரர்களும் சேர்ந்து அவரை நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள்.

அவர் வந்த காரியம் எனக்கு முன்பே தெரியும். ஒரு காலத்தில் ஒன்பதாக இருந்த மருத்துவப் படகு இப்போது ஒன்றுதான் இருந்தது. புது வரைவில் அதுவும் இல்லை. ஏப்ரல் முதல் தேதி கடைசிப் படகு ஏலத்துக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை நண்பகலோடு வரைவு முடிந்துவிடும், அதன் பிறகு அரசே திருத்தினால் ஒழிய ஓராண்டுக்கு யாரும் தொட முடியாது. நான் வழக்கமான படிவத்தை எடுத்து, வழக்கமான வாசகத்தை எழுதி, வழக்கமான பெருமையோடு நீட்டினேன்.

ஜெபக்கனி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“நான் படகு கூட வேணும்னு கேக்க வந்திருக்கேன். நீங்க குறைக்கணும்னு எழுதித் தாரீங்களே, சார்.”

நான் சிரித்தேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாம் கேட்கிற கேள்விதான். வழக்கத்தை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. அருளப்பன் ஐயாவும் இப்படித்தான் கொடுத்தாரா என்று கேட்டார். ஒன்பது தீர்மானம், ஒன்பதும் நான் எழுதிக் கொடுத்ததுதான் என்றேன். கைப்பையிலிருந்து நீல அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்தார். படகில் ஏறிய நோயாளிகளின் பெயரை எழுதும் பதிவேடு. அதன் பின்பக்கத்தில், படகு எந்த வருஷம் எத்தனை இருந்தது என்று தன் கையாலேயே குறித்து வைத்திருந்தார்.

“ஐயா இங்க வந்து நல்லாத்தான் பேசுவாரு. டிவியில பாத்துட்டு நாங்க எல்லாம் படகுல நின்னு கைதட்டுவோம். மறு ஏப்ரல்ல ஒரு படகு போயிரும். வருஷா வருஷம் இதே கதை. ஒரே ஒரு வருஷம் அவருக்கு நெஞ்சுவலி, சபைக்கே வரல. அந்த வருஷம் மட்டும் படகு குறையல, சார். எனக்கு அது ரொம்ப நாளா இடிச்சுக்கிட்டே இருக்கு.”

எனக்கும் அப்போது இடித்தது. வரைவில் உள்ள ஒவ்வொரு தொகைக்கும் நிரவி ஒரு காரணக் குறிப்பு எழுதி வைக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று சட்டம். யாரும் பார்ப்பதில்லை என்று பழக்கம். என் மேசைத் திரையில் மருத்துவப் படகு வரியைத் தொட்டுக் குறிப்பைத் திறந்தேன். நான்கே வரி இருந்தது.

‘தேவை: உயர்வு. பயன்: உயர்வு. அவையின் விருப்பம்: குறைப்பு, ஒன்பது முறை எழுத்தில் வலியுறுத்தப்பட்டது, மறுப்பு எதுவும் வரவில்லை. முடிவு: குறைப்பு.’

நான் ஒரு தடவை படித்தேன். ஜெபக்கனி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, குரல் மாறாமல் சொன்னார். போன ஐப்பசியில் அவருடைய தம்பி மனைவி மரியசெல்விக்கு வலி எடுத்திருக்கிறது. இருந்த ஒரே படகு அந்த நேரம் எட்டாவது தீவில் இருந்திருக்கிறது. காலை ஏழு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை படகுத்துறையில் பாயை விரித்துப் படுக்க வைத்துக் காத்திருந்திருக்கிறார்கள். தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. எட்டாவது தீவில் நின்ற படகில் இருந்த நர்ஸ் ஜெபக்கனிதான்.

அந்த ஒன்பது தீர்மானத்தையும் எழுதிய கை என்னுடையது. நான் அழுதேன், சொல்வதற்கு வெட்கமில்லை. அவர்தான் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அன்று மதியம் பழைய பதிவேடுகளை எல்லாம் இறக்கிப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மருத்துவப் படகு ஒன்று மட்டுமல்ல. வருஷா வருஷம் யாராவது குறை சொன்ன அறுபத்து மூன்று காரியங்கள் தேய்ந்துகொண்டே வந்திருந்தன. அதிகம் கத்திய இடத்துக்கு அதிகம் வெட்டு விழுந்திருந்தது. பத்து வருஷத்தில் ஒரு வெட்டுத் தீர்மானம்கூடக் கொடுக்காமல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கீழ்மடை உறுப்பினர் கந்தப்பழம் ஐயாவின் தொகுதிக்கு மூன்று பாலம் கிடைத்திருந்தது. மூன்றும் தண்ணீர் வராத ஒரே ஆற்றின் மேல்.

செவ்வாய்க்கிழமை ஜெபக்கனியையும் அழைத்துக்கொண்டு நிதியமைச்சர் மங்களேஸ்வரனைப் பார்க்கப் போனேன். அமைச்சர் கெட்டிக்காரர். குறிப்பைப் படித்த அரை நிமிஷத்திலேயே விஷயம் அவருக்கு முழுசாகப் புரிந்தது, புரிந்தது என்பது முகத்திலும் தெரிந்தது. ஆனால் இதை இப்போது ஒப்புக்கொண்டால் பத்து வருஷ பட்ஜெட்டும் தப்பு என்று ஆகிவிடும் என்றார். ஒரு குழு போடலாம், ஆறு மாதத்தில் அறிக்கை வாங்கலாம், அடுத்த வருஷம் சரி செய்யலாம் என்றார். உறுப்பினர் தானாக ஒரு விளக்க ஏட்டை அவை முன் வைக்கலாமே என்று நான் கேட்டேன். அதற்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று எனக்கே விதியைச் சொன்னார். அந்த விதி எனக்குத் தெரியாதா? இருந்தும் கேட்டேன்.

ஜெபக்கனி எழுந்து கும்பிட்டார். “அடுத்த வருஷத்துக்கு வலியைத் தள்ளி வைக்க எங்க ஊர்ப் பொம்பளைகளுக்குத் தெரியாது, ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

படிக்கட்டு இறங்கும் இடத்தில் நின்று, நிரவியை நடத்த யார் பணம் கொடுக்கிறார்கள் என்று கேட்டார். அதுவும் பட்ஜெட்டில்தான் வருகிறது, நிதித்துறையின் பன்னிரண்டாம் மானியக் கோரிக்கையில் ஒரு வரி என்றேன்.

“அப்போ அதுலயும் நூறு ரூபா குறைக்கணும்னு ஒண்ணு எழுதித் தாங்க, அண்ணாச்சி.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்த வெட்டை நிரவி தன் மேலேயே போட்டுக்கொள்ளும் என்று அப்புறம்தான் விளங்கியது. அதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஆனதும் மறுக்க வழியில்லாமல் போய்விட்டது.

ஒரே ஒருவர் கொடுத்தால் ஒரு படகு அளவுக்குத்தான் வெட்டு விழும், எல்லோர் கண்ணிலும் படவேண்டுமானால் நிறையப் பேர் கொடுக்க வேண்டும் என்று விளக்கினேன். அவ்வளவுதானே என்று என்னிடமிருந்து அறுபத்து மூன்று காரியங்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு போனார். புதனும் வியாழனும் அந்த அம்மாள் உட்காரவில்லை. மலைத்தொகுதி உறுப்பினரிடம் போய், உங்கள் ஊர்ப் பள்ளி வேன் ஏன் நின்றது என்று தெரியுமா என்று ஆரம்பிப்பார். உப்பளத் தொகுதிக்காரரிடம் கண் ஆஸ்பத்திரியைக் கேட்பார். காரணக் குறிப்பைத் திறந்து காட்டுவார். பத்தொன்பது வருஷம் ஊசி போட்டவர் அல்லவா, வலிக்கும் என்று முன்பே சொல்லிவிட்டுத்தான் குத்துவார். எதிர்க்கட்சிக்காரர்களும் சுயேச்சைகளும் ஒவ்வொருவராக என் அறைக்கு வந்து, முகம் வெளிறிப்போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வரைவிலேயே ஏற வேண்டுமானால் வியாழன் மாலை ஐந்து மணிக்குக் கெடு; வழக்கமான தீர்மானங்கள் அதற்குப் பிறகு வந்து மறு வருஷ வரைவுக்குத்தான் போகும். நாலே முக்காலுக்கு ஐம்பத்தெட்டு தீர்மானங்கள் சேர்ந்திருந்தன. பெட்டியை மூடப் போகும் நேரத்தில் கந்தப்பழம் ஐயா வந்து நின்றார். ஆளுங்கட்சி ஆள். கையெழுத்துப் போட்டால் கட்சிக் கொறடா சும்மா விடமாட்டார் என்று நான் மெதுவாக நினைவுபடுத்தினேன்.

“மூணு பாலம் கட்டிட்டாங்க, தம்பி. ஆத்துல தண்ணி வரணும்னு நான் ஒரு நாளும் கேக்கல. கேட்டிருந்தா அதையும் குறைச்சிருக்கும் போல. இந்த வயசுல என்னைக் கொறடா என்ன செஞ்சிருவாரு” என்று சொல்லி, பேனாவைத் தேடிப் பிடித்து, பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். ஐம்பத்தொன்பது ஆனது.

வெள்ளிக்கிழமை அவை நிறைந்திருந்தது. பேரவைத் தலைவர் தாயுமானவன் பழுத்த அனுபவசாலி. ஒரே வரியின் மேல் ஐம்பத்தொன்பது வெட்டுத் தீர்மானங்களைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, இதில் விதிமீறல் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றேன். அதைச் சொல்லும்போது பழைய திமிர் கொஞ்சம் திரும்பி வந்தது, இந்தத் தடவை நல்ல காரியத்துக்காக. பன்னிரண்டாம் கோரிக்கையைச் சரியாகப் பதினொன்றே முக்காலுக்கு விவாதத்துக்கு எடுத்தார். அவர் வேண்டுமென்றுதான் அந்த நேரத்தில் எடுத்தார் என்று இன்றுவரை நான் நம்புகிறேன்.

பன்னிரண்டு மணிக்கு நிரவியின் கடைசி வரைவு எல்லா உறுப்பினர்களின் மேசைத் திரையிலும் வந்தது. முதலில் முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு பத்துப் பேர் சிரித்தார்கள். பன்னிரண்டாம் கோரிக்கையில் இப்படி இருந்தது:

‘நிரவி. தேவை: உயர்வு. பயன்: உயர்வு. அவையின் விருப்பம்: குறைப்பு, ஐம்பத்தொன்பது உறுப்பினர்கள் எழுத்தில் வலியுறுத்தியுள்ளனர், மறுப்பு எதுவும் வரவில்லை. முடிவு: ஒதுக்கீடு இல்லை. ஏப்ரல் முதல் தேதி இந்த அமைப்பு மூடப்படும்.’

சிரிப்பு எவ்வளவு வேகமாகக் கிளம்பியதோ அவ்வளவு வேகமாக அடங்கியது. நூறு ரூபாய் என்பது ஒப்புக்குச் சொல்லும் வார்த்தை என்று அங்கே உள்ள நூற்று நாற்பது பேருக்கும் தெரியும். அது தெரியாத ஒரே ஆள், அதை அப்படியே நம்பித் தன்னையே மூடிக்கொள்ளத் தயாராக நின்றது. ஒரு வரி முனகல்கூட இல்லாமல்.

ஜெபக்கனி எழுந்தார். தாள் எதுவும் கையில் இல்லை. நீல நோட்டு மட்டும் இருந்தது.

“மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, நாங்க இதை மூடச் சொல்லல. இங்க உள்ள வழக்கப்படி, மரியாதையா, நூறு ரூபா குறைங்கன்னுதான் எழுதினோம். அது எங்களை நம்பிட்டு. இதே மாதிரி ஒன்பது தடவை எங்களை நம்பி ஒன்பது படகை எடுத்துட்டு. நாம ஒண்ணு எழுதுதோம், இன்னொண்ணு பேசுதோம். பேசினது நமக்குள்ளயே இருந்துட்டு. எழுதினது மட்டும் ஊருக்குப் போயிட்டு. எங்க தீவுல ஒரு பொண்ணு ஏழு மணி நேரம் துறையில கெடந்து செத்தா. அவளைக் கொல்லணும்னு இங்க யாரும் நினைக்கல. அது எனக்குத் தெரியும். ஆனா எல்லாரும் சேர்ந்துதான் எழுதினோம்.”

உட்கார்ந்துவிட்டார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

நிதியமைச்சர் எழுவதற்கு வெகுநேரம் ஆனது. அதற்கு முன் அவர் உதவியாளரை என்னிடம் அனுப்பி, எட்டு வருஷத்துக்கு முந்தைய பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். அந்தக் காலத்தில் அவர் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர். அவர் எந்தப் பக்கத்தைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதையும் எழுதியது நான்தான். அவருடைய சொந்த ஊரில் ஒரு காசநோய் மருத்துவமனை இருந்தது. அதற்குக் கூடுதல் படுக்கை வேண்டும் என்று மூன்று வருஷம் தொடர்ந்து நூறு ரூபாய் வெட்டுத் தீர்மானம் கொடுத்தார். நான்காம் வருஷம் மருத்துவமனை மூடப்பட்டது. அதை மூடிய பழைய ஆட்சியைத் திட்டித் திட்டித்தான் அவர் அடுத்த தேர்தலில் ஜெயித்தார்.

அவர் தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்தார். குழு எதுவும் தேவையில்லை, அரசு இப்போதே திருத்திய கோரிக்கையைக் கொண்டுவருகிறது என்றார். கூட்டிக் கொடுக்கும் அதிகாரம் அரசுக்கு மட்டும்தானே உண்டு. அறுபத்து மூன்று காரியங்களையும் பத்து வருஷத்துக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார். முதல் பெயராக மருத்துவப் படகைச் சொன்னார், ஒன்பது என்று எண்ணோடு சொன்னார். எதிர்வரிசை, ஆளும்வரிசை என்ற வேறுபாடு இல்லாமல் மேசைகள் அதிர்ந்தன. என் இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. கந்தப்பழம் ஐயா இரண்டு கையாலும் தட்டினார். அதிகாரிகள் தட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. நான் மேசைக்கு அடியில் தட்டினேன்.

பேரவைத் தலைவர் தனக்கு உள்ள தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, முன்னறிவிப்பு இல்லாமலேயே ஜெபக்கனியின் நீல நோட்டை அவை முன் வைக்க அனுமதித்தார். அதில் நானே முத்திரை குத்தினேன். பிறகு ஐம்பத்தொன்பது பேரும் தங்கள் தீர்மானத்தை அவையின் அனுமதியோடு திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெறுவதற்கு ஒரு படிவம் இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. நிரவி மூடப்படவில்லை. இனிமேல் வேண்டும் என்று கேட்பதற்கு வேண்டுகோள் தீர்மானம் என்று ஒரு புது வகை வந்தது. நூறு ரூபாய் வழக்கம் அன்றோடு முடிந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பேன். ஆனால் அதற்கு அடுத்த வாரம், நிரவியின் ஆண்டறிக்கை என் மேசைக்கு வந்தது. அதுவும் அரசின் ஓர் அமைப்புதான், மற்ற வாரியங்களைப் போல அதுவும் வருஷா வருஷம் அறிக்கை வைக்க வேண்டும். வழக்கமாக முதல் பக்கத்தில் முத்திரை, கடைசிப் பக்கத்தில் என் சுருக்கொப்பம், அவ்வளவுதான். இந்தத் தடவை பிரித்துப் படித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ‘அவையிடம் விளக்கம் கோரும் இனங்கள்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. அதன் கீழே இப்படி எழுதியிருந்தது:

‘குறைக்க வேண்டும் என்று கேட்கும் உறுப்பினர்கள், குறைத்த பிறகும் அதே இனத்தைப் பற்றி மீண்டும் கேட்கிறார்கள். குறைப்பால் அவர்கள் மகிழ்வதாகத் தெரியவில்லை. நூறு ரூபாய் என்பதை இந்த அமைப்பு தவறாகப் புரிந்துகொண்டிருக்கக் கூடும். அவை விளக்கினால் திருத்திக்கொள்ளலாம். இக்கேள்விக்கு இதுவரை பதில் வரவில்லை.’

இதுவரை என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய அறிக்கைகளை எடுத்தேன். போன வருஷம், அதே கேள்வி. அதற்கு முந்தைய வருஷமும் அதே. மூன்றாம் வருஷ அறிக்கையில் தொடங்கி, ஒவ்வொரு அறிக்கையிலும் அந்தக் கேள்வி இருந்தது. ஏழு அறிக்கைகள் என் கையைக் கடந்து போயிருந்தன. ஏழிலும் என் முத்திரை இருந்தது, ஏழிலும் என் சுருக்கொப்பம் இருந்தது. பதிலை ஓர் ஏட்டில் எழுதி அவை முன் வைக்கச் செய்ய, பிரிவு அலுவலராகிய எனக்கு ஒரு மணி நேர எழுத்து வேலையும் ஏழு நாள் முன்னறிவிப்பும் போதும். மூன்றாம் வருஷம் என்றால் அப்போது படகு ஏழு இருந்தது. மரியசெல்விக்கு அப்போது கல்யாணம்கூட ஆகியிருக்காது.

ஆறு மாதம் கழித்து கழிமுகத் தீவுகளில் புதுப் படகுகள் இறங்கிய விழாவுக்கு ஜெபக்கனி என்னைக் கூப்பிட்டிருந்தார். காலை வெயிலில் ஒன்பது படகும் வெள்ளை அடித்து, சிவப்புச் சிலுவை வரைந்து, துறையில் வரிசையாக நின்றன. மாதா கோயில் மணி அடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மைக்கில் என் பெயரையும் சொல்லி மாலை போட வந்தார்கள். நான் மாலையை வாங்கவில்லை. ஜெபக்கனியைத் தனியாகக் கூப்பிட்டு ஏழு அறிக்கை விஷயத்தையும் சொன்னேன். மறைத்து வைத்துக்கொண்டு அந்தத் துறையில் என்னால் நிற்க முடியவில்லை.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அதுவும் எங்களை மாதிரி கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இனிமே படிப்பீங்களா, அண்ணாச்சி?”

படிக்கிறேன், எல்லா அறிக்கையையும் கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன், பிரிவில் உள்ள ஆறு பேரையும் படிக்க வைக்கிறேன் என்றேன். நிரவி இப்போதெல்லாம் ஆண்டறிக்கைக்காகக் காத்திருப்பதில்லை, மாதம் ஒரு கேள்வித்தாள் அனுப்புகிறது, இந்த மாதத் தாள் என் பையிலேயே இருக்கிறது என்றும் சொன்னேன்.

“இந்த மாசம் என்ன கேட்டிருக்கு?”

தாளை எடுத்து வாசித்தேன். “உறுப்பினர் ஜெபக்கனி அவை முன் வைத்த பதிவேட்டின்படி தீவுகள் பதினான்கு. படகுகள் ஒன்பது. இது போதுமா என்பதை அவை தெரிவிக்க வேண்டும்.”

ஜெபக்கனி சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். முதல் படகு ஹாரன் அடித்துக்கொண்டு துறையை விட்டு நகர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி என் காதருகே வந்து சொன்னார்.

“பதினாலு வேணும்னு எழுதுங்க. குறைக்கச் சொல்லி இல்ல. வேணும்னே எழுதுங்க.”

துறையில் இருந்த ஒரு பெட்டியின் மேல் தாளை வைத்து, அங்கேயே எழுதினேன்.